விழுவதில் பொய் இல்லை

1914 ஜனவரியில், கலிபோர்னியாவின் வெனிஸ் என்ற கடற்கரை ஊரில் சிறுவர்கள் ஓட்டும் குட்டிக் கார்களின் பந்தயம் ஒன்று நடந்தது. கீஸ்டோன் கம்பெனி அங்கே கேமராவோடு ஒரு சிறு குழுவை அனுப்பிவைத்தது. கதை என்று எதுவும் கிடையாது. பந்தயத்தைப் படம்பிடிக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய கேமராவுக்கு முன்னால் ஒரு வேண்டாத ஆள் வந்து வந்து நிற்கிறான். தொளதொளத்த கால்சட்டை, இறுக்கமான கோட்டு, அளவு மீறிய ஷூ, தலையில் சின்னத் தொப்பி, கையில் பிரம்பு. படம்பிடிப்பவர் அவனைப் பிடித்துத் தள்ளுகிறார். அவன் எழுந்து உடுப்பைச் சரிசெய்துகொண்டு, ஏதோ வேலையாகப் போகிறவன் போல மறுபடியும் கேமரா முன்னாலேயே நடந்து வருகிறான். ஆறேழு நிமிடத்துக்கு இதுதான் படம். ‘கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்’ என்ற இந்தத் துண்டுப் படம் 1914 பிப்ரவரி 7இல் வெளியானது. சார்லி சாப்ளினின் நாடோடி வேடம் திரைக்கு வந்தது இதில்தான்.

இந்தப் படத்தைப் போடும்போதெல்லாம் என் கண் சாப்ளினைத் தாண்டிப் பின்னால் நிற்கும் கூட்டத்துக்குப் போய்விடும். அவர்கள் துணை நடிகர்கள் இல்லை. பந்தயம் பார்க்க வந்த ஊர்க்காரர்கள். யார் இந்த ஆள், எதற்காகக் குறுக்கே வந்து நிற்கிறான் என்று முதலில் விளங்காமல் பார்க்கிறார்கள். பிறகு ஒருவர் சிரிக்கிறார், பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறார், கொஞ்ச நேரத்தில் பந்தயத்தை விட்டுவிட்டு அவனையே பார்க்கிறார்கள். நாடோடியைப் பார்த்துச் சிரித்த முதல் பொதுமக்கள் அநேகமாக அவர்கள்தான். அந்தச் சிரிப்பு தொடங்கும் கணமே பிலிமில் பதிவாகியிருக்கிறது.

நூறு ஆண்டு தாண்டிவிட்டது. ஆனாலும் இந்த வகை ஊமைச் சிரிப்புப் படம் ஒன்றின் நல்ல பிரதியைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சின்னப் பிள்ளையும் தாத்தாவும் ஒரே இடத்தில் சிரிக்கிறார்கள். இதற்கான காரணத்தைப் பலரும் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்து வெகுளித்தனம் என்று சொல்வோர் உண்டு. படபடவென்ற ஓட்டம் என்பார்கள். பேச்சு இல்லாததால் மொழி தடையில்லை என்பது இன்னொரு பதில். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒவ்வொன்றும் பாதியில் நின்றுவிடுகிறது. இந்தப் படங்களில் உடம்பு நிஜமாகவே விழுகிறது, பொருள் நிஜமாகவே உடைகிறது, அது முழுசாகத் தெரியும்படி கேமரா தள்ளி நின்று பார்க்கிறது. இவற்றின் வசீகரத்துக்கு வேர் அங்கே இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

சினிமாவுக்குச் சிரிப்பு பிறகு வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று அல்ல. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸின் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டிய முதல் மாலையிலேயே ஒரு சிரிப்புப் படம் இருந்தது. தோட்டக்காரர் குழாயில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார். ஒரு பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். முகமெல்லாம் தண்ணீர். ஒரு நிமிடம்கூட ஓடாத படம். ஆனால் அதில் ஒரு சின்ன விஷயம் கவனிக்கத்தக்கது. தப்பி ஓடும் பையனைத் துரத்திப் பிடித்த தோட்டக்காரர், பிடித்த இடத்திலேயே அடிப்பதில்லை. கேமராவுக்கு முன்னால் இழுத்துவந்து அடிக்கிறார். கேமரா நகராது, ஆகவே நடப்பதெல்லாம் அது பார்க்கும் இடத்துக்குள் நடந்தாக வேண்டும். பின்னால் முப்பது ஆண்டு காலம் வளர்ந்த ஒரு கலைக்கு இந்த ஒரு கட்டுப்பாடே அடித்தளம் ஆயிற்று.

அமெரிக்கர்கள்தான் இந்த வகையைக் கண்டுபிடித்தார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. 1905 முதல் ஏழெட்டு ஆண்டுகள் உலகத்தைச் சிரிக்க வைத்தவை பாத்தே, கோமோன் ஆகிய பிரெஞ்சுக் கம்பெனிகள். துரத்தல் படம் அவர்களுடைய சரக்கு. பாத்தே 1907இல் வெளியிட்ட ஒரு படத்தில் இறைச்சித் துண்டைத் திருடிய நாயைப் போலீஸ் கூட்டம் துரத்துகிறது. ஒரு கட்டத்தில் நாய் திரும்பி நின்று போலீஸைத் துரத்த ஆரம்பிக்கிறது. கீஸ்டோன் கம்பெனியின் கோமாளிப் போலீஸ் கூட்டமான கீஸ்டோன் போலீஸ் பிறக்க அப்போது ஐந்து ஆண்டு பாக்கி. ஆந்த்ரே டீட் என்ற நடிகர் எதைத் தொட்டாலும் நொறுக்குவார். பிரான்சில் புவாரோ, இத்தாலியில் கிரெட்டினெட்டி என்ற பெயர்களில் அவருடைய படங்கள் ஓடின. அவருக்கு நேர் எதிர் மாக்ஸ் லிண்டர். பட்டுத் தொப்பி, கையுறை, நறுக்கிய மீசை, பெரிய வீட்டுப் பிள்ளையின் நடை. அவமானம் நேரும்போதும் மரியாதை குலையாமல் நிற்பதுதான் அவருடைய சிரிப்பு. சாப்ளின் தன்னை லிண்டரின் சீடர் என்று சொல்லிக்கொண்டதில் மிகை எதுவும் இல்லை. கந்தல் உடுத்திய நாடோடி தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லும் விதத்தில் லிண்டரின் சாயல் அப்படியே இருக்கிறது.

அந்த ஆண்டுகளின் பெண் நடிகர்களைப் பற்றிப் பேசாமல் விட்டது பெரிய குறை. பாத்தேயின் லியோன்டீன் என்ற குறும்புக்காரப் பெண் வீட்டை வெள்ளக்காடாக்குவாள், கடைவீதியையே கலங்கடிப்பாள். ரோசலியாக நடித்த சாரா துஹாமெல் தன் கனத்த உடம்பைக் கொண்டு சுவரும் மேசையும் அதிரப் பண்ணுவார். அடக்க ஒடுக்கம் போதிக்கப்பட்ட காலத்தில் இந்தப் பெண்கள் எதையும் உடைத்தார்கள், எவரையும் அடித்தார்கள், வருத்தப்படவும் இல்லை. 2022இல் இப்படிப்பட்ட படங்களை ஆவணக் காப்பகங்களிலிருந்து திரட்டி ஒரு பெரிய தொகுப்பாக வெளியிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு, இந்தக் கலையின் வரலாற்றைச் சாப்ளின், கீட்டன், லாயிட் என்று மூன்று ஆண் பெயர்களோடு முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

1912இல் மாக் சென்னட் லாஸ் ஏஞ்சலஸின் ஈடன்டேல் பகுதியில் கீஸ்டோனைத் தொடங்கினார். கனடாவில் பிறந்தவர், இயக்குநர் கிரிஃபித்திடம் நடிகராக இருந்து படம் எடுக்கக் கற்றவர். பிரெஞ்சுக்காரர்களின் துரத்தலை அவர் எடுத்துக்கொண்டு அதற்குக் கலிபோர்னியாவின் வெயிலையும் அகலமான மண் சாலைகளையும் கொடுத்தார். செட்டுகளுக்குக் கூரை கிடையாது. மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி வெயிலைச் சன்னமாக்கிப் படம் பிடித்தார்கள். ஊரில் ஊர்வலம், பந்தயம், தீ விபத்து என்று எது நடந்தாலும் நடிகர்களோடு அங்கே போய்விடுவார்கள். எக்கோ பார்க் ஏரியில் தண்ணீரை வடித்தபோது, அந்தச் சேற்றிலேயே ‘எ மட்டி ரொமான்ஸ்’ என்ற படத்தை 1913இல் எடுத்து முடித்தார்கள். இதனால் நமக்குக் கிடைத்த லாபம் பெரிது. அரைகுறையாய்க் கட்டிய வீடுகள், டிராம் தண்டவாளங்கள், கடைப் பலகைகள், தெருவில் சும்மா நின்று வேடிக்கை பார்க்கும் மனிதர்கள் என வளர்ந்துகொண்டிருந்த ஒரு நகரம் முழுவதும் இந்தப் படங்களின் ஓரங்களில் பத்திரமாக இருக்கிறது.

கீஸ்டோனின் முதல் நட்சத்திரம் மேபல் நார்மண்ட். 1914லேயே படங்களை இயக்கியவர். அவரோடு நடித்த ரோஸ்கோ ஆர்பக்கிள் பெருத்த உடம்புக்காரர். ஆனால் அந்த உடம்பு பூனை போலத் தாவும், பின்னோக்கிக் கரணம் போடும், கத்தியைக் காற்றில் சுழற்றி மேசையில் குத்தி நிறுத்தும். ‘தி ரஃப் ஹவுஸ்’ என்ற 1917ஆம் ஆண்டுப் படத்தில் இரண்டு ரொட்டிகளில் முள்கரண்டிகளைச் செருகிக் கால்களைப் போல நடக்க வைக்கிறார். எட்டு ஆண்டு கழித்து ‘தி கோல்ட் ரஷ்’ஷில் சாப்ளின் அதையே ஒரு நடனமாக விரித்தபோது உலகம் அதைக் கொண்டாடியது. விதை ஆர்பக்கிளுடையது.

வேகத்தைப் பற்றி ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஊமைப்படம் என்றதும் கைகால் உதறி வெடுக்வெடுக்கென்று ஓடும் மனிதர்கள்தான் பலருக்கும் ஞாபகம் வருகிறார்கள். கேமராவைக் கையால் சுற்றிய காலம் அது. விநாடிக்குச் சுமார் 16 பிரேம் என்ற கணக்கில் சுற்றினார்கள். துரத்தல் காட்சிகளில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவதும் உண்டு, திரையில் அது வேகமாகத் தெரியும். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம், ஒரு ரீலுக்குச் சுமார் 1000 அடி. ஆக விநாடிக்கு 16 என்று ஓட்டினால் ஒரு ரீல் 16 நிமிடத்துக்கு மேல் வரும். பேசும்படம் வந்ததும் வேகம் 24 என்று நிலைபெற்றது. பழைய ரீலை அந்த 24இல் ஓட்டினால் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும், நடிகர்கள் பொம்மைகளாகிவிடுவார்கள். பல்லாண்டு காலம் தொலைக்காட்சிகள் காட்டியது பெரும்பாலும் இப்படிப்பட்ட பிரதிகளைத்தான். சரியான வேகத்தில் பார்த்தால் தயக்கமும் யோசனையும் தெரிகின்றன. சாப்ளின் ஒரு படியில் கால் வைக்கும் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது தெரிகிறது. சிரிப்பு அந்த நிற்றலில்தான் இருக்கிறது.

தத்துவம் பேசியவர்களில் ஆன்றி பெர்க்சனை ஒதுக்க முடியாது. உயிருள்ள மனிதர் இயந்திரம் போல நடந்துகொள்ளும்போது சிரிப்பு வருகிறது என்று அவர் 1900இல் ‘சிரிப்பு’ என்ற நூலில் எழுதினார். கீஸ்டோன் போலீஸுக்கு அது அச்சாகப் பொருந்தும். கீட்டனுக்குப் பொருந்தவில்லை. கீட்டனைச் சுற்றியுள்ள வீடும் ரயிலும் படகும்தான் இயந்திரமாகப் பிடிவாதம் பிடிக்கின்றன. அவர் ஒருவர்தான் அங்கே விடாமல் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

பஸ்டர் கீட்டன் 1895இல் கேன்சஸ் மாநிலத்தின் பிக்வா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் மேடையில் ஆடும் குடும்பம். அப்பா மகனைத் தூக்கி மேடையின் குறுக்கே எறிவார். அடிபடாமல் விழுவதுதான் பிள்ளையின் வேலை. விழும்போது சிரித்தால் பார்வையாளர்கள் சிரிக்க மாட்டார்கள் என்பதைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டதாக அவர் பிறகு சொன்னார். திரையில் எப்போதும் அசையாத அந்த முகத்தின் பூர்வகதை அதுதான். 1917இல் நியூயார்க்கில் ஆர்பக்கிளின் படப்பிடிப்புக்கு வந்தவர் முதல் காரியமாகக் கேமரா எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்பினார்; அன்றே ‘தி புட்சர் பாய்’ படத்தில் வெல்லப்பாகு வாங்க வரும் வாடிக்கையாளராக நடித்தார். மூன்று ஆண்டுக்குள் தனிக் கம்பெனி. 1920 முதல் 1923 வரை அவர் செய்த பத்தொன்பது இரண்டு ரீல் படங்கள்தான் இந்தக் கலையின் உச்சம் என்பது என் துணிபு.

அவற்றில் முதலில் வெளியான ‘ஒன் வீக்’கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். புதுமணத் தம்பதிக்கு ஒரு வீடு பரிசாக வருகிறது. பெட்டிகளில் பிரித்து அடைத்த வீடு. எண் வரிசைப்படி மாட்ட வேண்டும். பெண்ணை விரும்பித் தோற்ற ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றிவிடுகிறான். தம்பதி குறிப்பேட்டில் உள்ளபடியே ஒழுங்காகக் கட்டுகிறார்கள். எழுந்து நிற்கும் வீட்டில் ஜன்னல்கள் கோணலாக இளிக்கின்றன, மாடிக் கதவைத் திறந்தால் வெளியே காற்றுதான். குடிபுகுந்த நாளில் புயல் வருகிறது, வீடு ராட்டினம் போலச் சுழல்கிறது, விருந்தினர் ஒவ்வொருவராய் வெளியே தெறிக்கிறார்கள். மறுநாள் ஒருவர் வந்து, இது உங்கள் மனை அல்ல, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ளதுதான் உங்களுடையது என்கிறார். வீட்டை உருளைகளில் ஏற்றிக் காரில் கட்டி இழுக்கிறார்கள். சரியாகத் தண்டவாளத்தின் மேல் வந்ததும் வீடு நின்றுவிடுகிறது. தூரத்தில் ரயில். இருவரும் கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்று மூச்சு விடும் அந்த நொடியில், எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டை விறகாக்கிவிட்டுப் போகிறது. கீட்டன் ஒரு ‘விற்பனைக்கு’ பலகையை அந்தக் குவியலில் நட்டு, குறிப்பேட்டையும் அதன் மேல் வைத்துவிட்டு, மனைவியின் கையைப் பிடித்து நடக்கிறார்.

இதில் சின்னப் பொம்மை வீடு எதுவும் இல்லை. ஆள் ஏறி நிற்கக்கூடிய வீடு, சுழலும் மேடை மேல் கட்டி நிஜமாகவே சுழற்றியது. மோதியதும் நிஜ ரயில். இரண்டாவது ரயில் வரும்போது கேமரா ஓர் அங்குலமும் அசைவதில்லை, ஷாட் நடுவில் வெட்டு இல்லை. முதல் ரயிலையும் நிம்மதியையும் இரண்டாவது ரயிலையும் அதே சட்டகத்துக்குள் பார்க்கிறோம். வெட்டி ஒட்டியிருந்தால் அது வெறும் செய்தி ஆகியிருக்கும்.

சாப்ளினின் வழி வேறு. ஒரு பொருள் எதற்காக இருக்கிறதோ அதை மறந்துவிட்டு வேறொன்றாக அதை நடத்துவது அவருடைய கலை. கீஸ்டோனில் வாரம் 150 டாலர் வாங்கிய அவருக்கு 1916இல் மியூச்சுவல் கம்பெனி வாரம் 10,000 டாலரும் அதற்கு மேல் 1,50,000 டாலர் தனியாகவும் கொடுத்தது. அந்தப் பணம் அவருக்கு வாங்கித் தந்த பெரிய செல்வம் நேரம். பன்னிரண்டு படங்களுக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார். ‘தி பான்ஷாப்’பில் அடகுக் கடைக்கு ஒருவர் அலாரம் கடிகாரம் கொண்டுவருகிறார். கடைப் பையன் சார்லி அதன் நெஞ்சில் டாக்டர் குழாயை வைத்துக் கேட்கிறார். விரலால் தட்டிப் பார்க்கிறார். துளை போடுகிறார். டின் திறக்கும் கருவியால் மூடியைத் திறந்து, கெட்டுப்போன மீனோ என்று மோந்து பார்த்து முகம் சுளிக்கிறார். தொலைபேசியின் வாய்ப்பகுதியைக் கழற்றிக் கண்ணில் இடுக்கி நகை வியாபாரியாகிறார். சுருளை வெளியே இழுத்து ஜவுளிக் கடைக்காரர் போல முழம் போடுகிறார். கவுண்டரில் துள்ளும் சில்லறைப் பாகங்கள் மேல் எண்ணெய் விட்டு அடக்குகிறார். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி வாடிக்கையாளரின் தொப்பியில் கொட்டி, வேண்டாம் என்று தலையசைக்கிறார். இவ்வளவு நேரமும் அந்த மனிதராக நடிக்கும் ஆல்பர்ட் ஆஸ்டின் வாயைத் திறப்பதில்லை, தடுப்பதும் இல்லை. வைத்தியரிடம் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் உறவினர் போல நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் காட்சியே இல்லை.

1917இல் வந்த ‘தி இம்மிக்ரன்ட்’ கப்பலில் தொடங்குகிறது. கைப்பிடிக் கம்பியின் மேல் வயிறு படக் கவிழ்ந்து, முதுகைக் காட்டியபடி ஓர் ஆள் துடிக்கிறார்; கடல் நோய் என்று முடிவு கட்டிவிடுகிறோம். திரும்புகிறார்: கையில் தூண்டில், அதன் முனையில் பெரிய மீன். நம் அவசர முடிவைப் பார்த்து நாமே சிரிக்கிறோம். அடுத்து சுதந்திர தேவி சிலை தெரிகிறது. எல்லாரும் ஆவலாக எழுகிறார்கள். அதிகாரிகள் குறுக்கே கயிறு கட்டி அவர்களை மந்தை போல ஒதுக்குகிறார்கள். ஒரே ஒரு கயிறு, ஒரு சொல்லும் கிடையாது. பேச்சில்லாததால் மொழி தடையில்லை என்ற பதில் இங்கே உண்மை பெறுகிறது. ஐந்து சென்ட் கொடுத்து அந்தக் கொட்டகைகளில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அதே மாதிரிக் கப்பலில் வந்திறங்கியவர்கள், ஆங்கிலம் தெரியாதவர்கள். அவர்களுக்குத் திரையில் தெரிந்தது அவர்களுடைய கதை.

சிரிப்பு வேகத்தில் இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சி லாரலும் ஹார்டியும். சாப்ளினோடு ஃபிரெட் கார்னோ குழுவில் 1910இல் அமெரிக்கா வந்தவர் ஸ்டான் லாரல். ‘பிக் பிசினஸ்’ என்ற 1929ஆம் ஆண்டுப் படத்தில் இருவரும் கலிபோர்னியா வெயிலில் கிறிஸ்துமஸ் மரம் விற்கிறார்கள். வீட்டுக்காரராக வரும் ஜேம்ஸ் ஃபின்லேசன் கதவைச் சாத்தும்போது மரம் இடுக்கில் மாட்டிக்கொள்கிறது. தகராறு ஆரம்பம். அவர் இவர்களுடைய காரைப் பிய்க்கிறார், இவர்கள் அவருடைய வீட்டைப் பிய்க்கிறார்கள். ஆனால் ஒருவர் உடைக்கும்போது மற்றவர் தடுப்பதில்லை. நின்று, முழுவதும் பார்த்து, யோசித்து, பிறகே தன் முறையை எடுத்துக்கொள்கிறார். ஒரு போலீஸ்காரர் காரில் இருந்தபடி எல்லாவற்றையும் நோட்டில் குறிக்கிறார். கோபத்துக்குள்ளும் இப்படி ஒரு வரிசை ஒழுங்கு இருப்பதைப் பார்க்கும்போது வயிறு வலிக்கச் சிரிக்கிறோம்.

நிஜம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஹரால்டு லாயிட் உயரத்தில் தொங்கும் காட்சிகளில், உயரமான கட்டடத்தின் கூரை மேல் செட் போட்டு, கீழே தெரு தெரியும்படி கேமராவை வைத்தார்கள். கீழே மெத்தைத் தளமும் இருந்தது. கீட்டனின் ‘தி பிளேஹவுஸ்’ படத்திலோ மேடையில் ஒன்பது கீட்டன்கள் ஒரே நேரத்தில் நிற்கிறார்கள். லென்ஸை மறைத்து, ஒரே பிலிமைத் திரும்பத் திரும்பப் பின்னுக்குச் சுற்றி, எல்ஜின் லெஸ்லி என்ற ஒளிப்பதிவாளர் கையாலேயே எடுத்த அற்புதம் அது. அப்படியானால் இவை பொய் இல்லையா? தந்திரம் இடத்தைப் பற்றியது. உடம்பு அதில் மெய்யாகவே உழைக்கிறது. லாயிட் தொங்கியது மெய். 1919இல் விளம்பரப் புகைப்படம் எடுக்கும்போது, போலி என்று நினைத்த வெடிகுண்டு நிஜமாக வெடித்து அவருடைய வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் போயிருந்தன. கையுறைக்குள் அதை மறைத்துக்கொண்டுதான் ஏறினார். கீட்டன் ‘தி பிளேஹவுஸ்’ எடுத்ததற்கே, முந்தைய படத்தின் மின்படிக்கட்டில் ஷூ சிக்கிக் கணுக்கால் உடைந்தது ஒரு காரணம். ஓட முடியாத மாதத்தில் ஒன்பது ஆளாக நின்றார்.

வெகுளித்தனம் என்ற பதிலை ஏற்க முடியாததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இந்தப் படங்களில் பல இன்று பார்க்கக் கூசும். கறுப்பு மை பூசிய முகங்கள், சீனர்களைக் கேலி செய்யும் வேடங்கள், பயந்து வெளுக்கும் கறுப்பின வேலைக்காரர் என்று கொட்டிக்கிடக்கிறது. ‘தி பிளேஹவுஸ்’ஸின் அந்த ஒன்பது கீட்டன்களும் மை பூசிய முகத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பிடித்த படம் என்பதற்காக இதைச் சொல்லாமல் கடக்கக் கூடாது. பெர்ட் வில்லியம்ஸை நினைத்தால் வேதனை கூடுகிறது. மேடையில் பெரும்புகழ் பெற்ற கறுப்பினக் கலைஞர். அவரும் தம் முகத்தின் மேல் மை பூசிக்கொண்டே நடிக்க வேண்டியிருந்தது. ‘எ நேச்சுரல் பார்ன் கேம்ப்ளர்’ என்ற 1916ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில் சிறை அறையில் தனியாக உட்கார்ந்து, இல்லாத சீட்டுகளை இல்லாத ஆட்களுக்குப் பகிர்ந்து, ஆடி, தோற்கிறார். விரல்களும் புருவமும் மட்டும் வேலை செய்கின்றன. சாப்ளினின் கடிகாரக் காட்சிக்குப் பக்கத்தில் தயங்காமல் வைக்கலாம். வில்லியம்ஸுக்குப் பன்னிரண்டு படங்களும் ஒன்றரை ஆண்டும் யாரும் கொடுக்கவில்லை.

ஆர்பக்கிளின் முடிவும் கசப்பானது. 1921 செப்டம்பரில் ஒரு நடிகையின் மரணத்தில் அவர் மேல் வழக்கு. மூன்று விசாரணைகளுக்குப் பிறகு 1922 ஏப்ரலில் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. ஆனாலும் உடனேயே அவருடைய படங்களைத் தடை செய்தார்கள். தடை நீங்கிய பிறகும் பழைய இடம் திரும்பவில்லை.

இந்தக் கலை முடிந்ததற்குப் பேசும்படத்தை மட்டும் குறை சொல்வது வழக்கம். அதற்கு முன்பே பெரிய நடிகர்கள் நீளப் படங்களுக்குப் போய்விட்டார்கள், வருமானம் அங்கேதான். 1927க்குப் பிறகு மைக்குக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று கேமராவைக் கூண்டுக்குள் அடைத்தார்கள், தெருவில் படம் எடுப்பது அரிதாயிற்று. கீட்டன் 1928இல் எம்.ஜி.எம்.மில் சேர்ந்து தன் சுதந்திரத்தை இழந்தார். மிச்சத்தை பிலிமின் வேதியியல் பார்த்துக்கொண்டது. நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், மக்கிப் பொடியாகும். வெள்ளிக்காகக் கரைத்தவையும், இடம் அடைக்கிறது என்று குப்பையில் போட்டவையும் எத்தனையோ. அமெரிக்க ஊமைக் காலத்தின் நீளப் படங்களில் மூல 35 மி.மீ. வடிவிலேயே முழுமையாகத் தப்பியவை 14 சதவீதம் என்று அந்நாட்டின் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

ஆனாலும் தேடுகிறவர்களுக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. சாப்ளின் கீஸ்டோன் போலீஸாகத் தலைகாட்டும் ‘எ தீஃப் கேச்சர்’ 2010இல் மிச்சிகனில் பழம்பொருள் விற்பனையில் அகப்பட்டது. லாரல்–ஹார்டியின் ‘தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி’யில் தெருவே கிரீம் பை எறிந்து சண்டையிடும் இரண்டாம் ரீல், நெடுங்காலம் துண்டு துண்டாகவே கிடைத்துவந்தது, 2015இல் கிட்டத்தட்ட முழுசாக வெளிப்பட்டது. ஒரு வாழைப்பழத் தோலில் தொடங்கி ஊர் முழுக்கப் பரவும் அந்தச் சண்டையின் படிப்படியான கட்டுமானம் இப்போதுதான் நமக்கு ஒழுங்காகத் தெரிகிறது. இத்தாலியின் பொலோன்யா திரைப்படக் காப்பகமும் வேறு நிறுவனங்களும் பல நாடுகளில் சிதறிய பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சாப்ளினின் கீஸ்டோன் படங்களைச் செப்பனிட்டன. ஒரு ஷாட்டுக்காகக் கண்டம் தாண்டித் தேடிய அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் குறும்படக் காலத்தில் ஒரு பங்கு உண்டு. 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் துண்டுப் படங்களையும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். நீளப் படம் என்பதே அப்போது வரவில்லை. நம்மவர்கள் முதலில் பார்த்த சினிமாவே சில நிமிடச் சினிமாதான். வெகுகாலம் கழித்து 1987இல், சிங்கீதம் சீனிவாசராவும் கமல்ஹாசனும் வசனமே இல்லாமல் எடுத்த ‘பேசும் படம்’ அந்தப் பழைய இலக்கணம் இங்கேயும் செல்லும் என்று நிரூபித்தது.

முதன்முதலாகப் பார்க்க விரும்புகிறவர்கள் ‘ஒன் வீக்’கில் தொடங்கலாம். அடுத்து ‘தி பான்ஷாப்’, ‘தி இம்மிக்ரன்ட்’, கீட்டனின் ‘காப்ஸ்’, கடைசியாக ‘பிக் பிசினஸ்’. ஒரே உட்காரலில் ஐந்தையும் பார்க்க வேண்டாம். ஒரு மாலை நிகழ்ச்சியில் மற்றவற்றுக்கு நடுவே ஒன்றாகக் காட்டத்தான் இவற்றை எடுத்தார்கள். அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் தேய்ந்த, வேகம் தவறிய பிரதிகளும் அங்கேயே இருக்கின்றன. செப்பனிட்டது என்று குறிப்பிட்ட பிரதியாகப் பார்த்து எடுங்கள். இசைத்தடத்தில் தேர்வு இருந்தால் பியானோ மட்டும் உள்ளதை எடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் டமால் என்று மேளம் கொட்டும் பிரதிகள் சிரிக்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.